பிசினஸ் டிக்கெட்டுக்கு எகானமி இருக்கை: 140 பவுண்டு போதும் என்கிறார்கள், சரியா?

ஹவுன்ஸ்லோ வாசி

வணக்கம். அப்பா, அம்மா இருவரும் என்னோடு லண்டனில் இருக்கிறார்கள். ஊர்க் கல்யாணத்துக்காக அவர்களுக்கு ஹீத்ரோ – துபாய் – சென்னை, அதே வழியில் திரும்ப, பிசினஸ் கிளாஸில் ரிட்டர்ன் டிக்கெட் எடுத்தேன். ஒரே பி.என்.ஆர். வளைகுடா நிறுவனம் ஒன்றின் இணையதளத்தில் நேரடியாக, என் கிரெடிட் கார்டில் வாங்கியது. அப்பாவுக்கு முழங்கால் மடக்கி நெடுநேரம் உட்கார முடியாது என்பதற்காகவே பிசினஸ்.

2026 பிப்ரவரியில் கிளம்பும்போது ஹீத்ரோ கவுன்டரில், விமானம் மாறிவிட்டது, பிசினஸில் இருக்கைகள் குறைந்துவிட்டன என்று சொல்லி, லண்டன் – துபாய் பகுதிக்கு இருவருக்கும் எகானமி போர்டிங் பாஸ் கொடுத்துவிட்டார்கள். துபாய் – சென்னை மட்டும் பிசினஸில் போனார்கள். திரும்பும் பயணம் ஏப்ரலில்.

ரசீதில் உள்ளபடி ஒருவருக்கு: அடிப்படைக் கட்டணம் 2,040 பவுண்டு, ஒய்க்யூ என்று போட்டிருக்கும் கூடுதல் கட்டணம் 480, வரிகள் 540. மொத்தம் 3,060.

புகார் படிவம் அனுப்பியதற்கு வந்த பதில்: நீங்கள் கொடுத்த பிசினஸ் கட்டணத்துக்கும் அன்றைய எகானமி கட்டணத்துக்கும் உள்ள வித்தியாசம் ஆளுக்கு 140 பவுண்டு, அதைத் தருகிறோம், அல்லது 250 பவுண்டுக்கு வவுச்சர். விமான மாற்றம் இயக்கக் காரணத்தால் வந்தது, அதனால் இழப்பீடு பொருந்தாது.

இது சரியா? டிக்கெட் அவர்கள் பெயரில், பணம் என்னுடையது, நான் கேட்கலாமா? ஏப்ரலில் சென்னையில் இதே நடந்தால் என்ன செய்வது?

---

கட்டணவரி

140-ஐ ஏற்காதீர்கள். வவுச்சரையும் ஏற்காதீர்கள். ஏற்கும் பொத்தானை அழுத்தினாலோ, "முழுமையான இறுதித் தீர்வு" என்ற வாசகத்துக்கு ஒப்புதல் கொடுத்தாலோ, பிறகு மீதியைக் கேட்பது கடினமாகிவிடும்.

உங்களுக்குப் பொருந்துவது பிரிட்டனின் யுகே261. ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 ஒழுங்குமுறையை பிரெக்ஸிட்டுக்குப் பிறகு பிரிட்டன் தன் சட்டமாக வைத்துக்கொண்டது. பிரிட்டிஷ் விமான நிலையத்திலிருந்து கிளம்பும் எந்த நாட்டு நிறுவனத்துக்கும் இது பொருந்தும். அதில் 10-வது பிரிவு டவுன்கிரேடுக்கு, அதாவது வாங்கிய வகுப்பிலிருந்து கீழ் வகுப்புக்கு இறக்குவதற்கு மட்டும் எழுதப்பட்டது. 1,500 கிலோமீட்டர் வரை டிக்கெட் விலையில் 30 சதவீதம், 1,500 முதல் 3,500 வரை 50 சதவீதம், 3,500-க்கு மேல் 75 சதவீதம் திருப்பித் தர வேண்டும். ஏழு நாளுக்குள், பணமாக அல்லது வங்கி வழியாக. பயணி கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொண்டால்தான் வவுச்சர்.

அவர்கள் பதிலில் இரண்டு தவறுகள் இருக்கின்றன.

ஒன்று, "அன்றைய எகானமி கட்டணத்தோடு வித்தியாசம்" என்ற கணக்கு. சட்டத்தில் வித்தியாசம் என்ற பேச்சே இல்லை. நீங்கள் கொடுத்த விலையில் சதவீதம், அவ்வளவுதான். நிறுவனங்கள் வித்தியாசக் கணக்கை விரும்புவதற்குக் காரணம் உண்டு. மாதங்களுக்கு முன்பே வாங்கிய பிசினஸ் டிக்கெட்டை, பயண நாளன்று விற்கும் மிக விலை உயர்ந்த எகானமி கட்டணத்தோடு ஒப்பிட்டால் வித்தியாசம் சுருங்கிவிடும். சில நேரம் பூஜ்யமே வரும். பிசினஸுக்குப் பணம் கொடுத்துவிட்டு எகானமியில் ஏழு மணி நேரம் உட்கார்ந்தவருக்கு எதுவும் தர வேண்டியதில்லை என்ற முடிவுக்கு இட்டுச் செல்லும் கணக்கு அது. அதைத் தடுக்கத்தான் நிலையான சதவீதங்கள் வைக்கப்பட்டிருக்கின்றன.

இரண்டு, "இயக்கக் காரணம்" என்ற சாக்கு. அசாதாரணச் சூழ்நிலை என்று சொல்லித் தப்பிக்கும் வழி ரத்துக்கும் தாமதத்துக்குமான இழப்பீட்டில்தான் உண்டு. 5-வது பிரிவில் எழுதியிருக்கிறது. 10-வது பிரிவில் அப்படி ஒரு விதிவிலக்கே கிடையாது. விமானம் மாறியது, இருக்கை பழுது, அதிகமாக விற்றுவிட்டார்கள், பணியாளர்களுக்கு இருக்கை ஒதுக்கினார்கள் என எந்தக் காரணமானாலும் தொகை அதேதான். பதில் எழுதும்போது இதை ஒரே வரியில் கேளுங்கள்: "10-வது பிரிவின் எந்த உட்பிரிவில் இந்த விதிவிலக்கு இருக்கிறது?"

இனி தொகை. 75 சதவீதம் என்றதும் 3,060-க்கு முக்கால் பங்கு என்று நினைக்க வேண்டாம். 2016 ஜூன் 22 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் மென்னென்ஸ் எதிர் எமிரேட்ஸ் வழக்கில் (சி-255/15) தீர்ப்புக் கொடுத்தது. டசல்டார்ஃப் – துபாய் பகுதியில் முதல் வகுப்பிலிருந்து பிசினஸுக்கு இறக்கப்பட்ட பயணியின் வழக்கு, உங்கள் நிலைமையைப் போன்றதுதான். அதன்படி, இறக்கப்பட்ட அந்த ஒரு விமானத்தின் விலையை மட்டுமே எடுக்க வேண்டும். அந்த விலை டிக்கெட்டில் தனியாகக் காட்டப்படவில்லை என்றால், அந்த விமானத்தின் தூரத்தை டிக்கெட்டின் மொத்தத் தூரத்தால் வகுத்து வரும் விகிதத்தை எடுக்க வேண்டும். வரிகளைச் சேர்க்கக் கூடாது. வகுப்பைப் பொறுத்து மாறும் வரி மட்டும் இதற்கு விதிவிலக்கு, அதைச் சேர்க்கலாம்.

ஹீத்ரோ – துபாய் நேர்தூரம் சுமார் 5,500 கிலோமீட்டர். துபாய் – சென்னை சுமார் 2,930. போக வர மொத்தம் 16,860. அடிப்படைக் கட்டணம் 2,040-ஐ மட்டும் எடுத்தால்:

2,040 × 5,500 ÷ 16,860 = 665 பவுண்டு. அதில் 75 சதவீதம் 499 பவுண்டு.

இது ஒருவருக்கு, மறுக்கவே முடியாத அடித்தளத் தொகை. இதற்குக் கீழே எதற்கும் இறங்க வேண்டாம்.

---

ரன்வே07

கட்டணவரி சொன்ன அடித்தளம் சரி. ஆனால் கோரிக்கையை அங்கிருந்து தொடங்கக் கூடாது. ஒய்க்யூவை விட்டுவிடாதீர்கள்.

ரசீதில் வரிகளுக்கான கட்டத்தில் அச்சாகியிருப்பதால் பலரும் ஒய்க்யூ, ஒய்ஆர் இரண்டையும் அரசு வரி என்று நினைத்துவிடுகிறார்கள். அது நிறுவனம் தானே விதித்துத் தானே வைத்துக்கொள்ளும் பணம். அரசுக்கோ விமான நிலையத்துக்கோ ஒரு பென்னியும் போகாது. பயணத்தின் விலையில் ஒரு பகுதியே அது. பெரும்பாலான நிறுவனங்கள் பிசினஸுக்கு ஒரு தொகை, எகானமிக்கு ஒரு தொகை என்று வகுப்பு வாரியாகப் போடுகின்றன. ஆகவே மென்னென்ஸ் தீர்ப்பின் விதிவிலக்கும் அதைத் தொடாது. சேர்த்தால்:

(2,040 + 480) × 5,500 ÷ 16,860 = 822 பவுண்டு. 75 சதவீதம் 617 பவுண்டு.

அடுத்தது ஏர் பாசஞ்சர் டியூட்டி. பிரிட்டனிலிருந்து கிளம்பும்போது கட்டும் இந்த வரி வகுப்பைப் பொறுத்தே மாறுகிறது. தொடர் பயணத்தில் கடைசியாகச் சேரும் ஊரை வைத்து விகிதம் போடுவார்கள். தூரத்தை வைத்துப் பிரித்த பட்டியலில் இந்தியா பேண்ட் பி. 2025 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரை எகானமிக்கு 90 பவுண்டு, பிசினஸுக்கு 216. தொகை வகுப்பைப் பொறுத்து மாறுவதால் இந்த வரியை விலையில் சேர்க்கலாம் என்று வாதிட இடம் இருக்கிறது. சேர்த்தால் ஒருவருக்கு 669 பவுண்டு வரும். நிறுவனம் இதை எதிர்க்கும். 669 கேட்டு 617-ல் நிற்பது நியாயமான நிலை என்பது என் கருத்து. 499-ல் தொடங்கினால் பேரத்தில் அதற்கும் கீழேதான் போவீர்கள்.

டிக்கெட் ரசீதின் அடியில் "கட்டணக் கணக்கு" என்று நெருக்கமாக ஒரு வரி அச்சாகியிருக்கும். ஊர்க் குறியீடுகள், நடுவில் எண்கள், கடைசியில் என்யூசி (கட்டணம் கணக்கிடும் பொது அலகு) என்று ஒரு கூட்டுத்தொகை. அதில் லண்டன் – சென்னைக்கு ஓர் எண், சென்னை – லண்டனுக்கு ஓர் எண் இருக்கும். துபாயில் பிரிக்கப்பட்டிருக்காது. அதனால்தான் தூர விகிதம் தேவைப்படுகிறது. இரண்டு எண்களும் சமமாக இருந்தால் மேலே போட்ட கணக்கே போதும். போகும் பயணத்தின் எண் பெரிதாக இருந்தால் முதலில் அந்தப் பாதிக்கான விலையை எடுத்து, அதை 5,500 ÷ 8,430 என்று பிரித்துக் கேளுங்கள். உங்களுக்குக் கூடுதலாக வரும். நிறுவனம் தீர்ப்பின் நேர்ச்சொல்லைக் காட்டி மொத்தத் தூரத்தால் வகுக்கச் சொல்லலாம். அதற்கும் தயாராக இருங்கள்.

ஏஜென்ட் மூலம் வாங்கியவர்களுக்கு ஒரு சிக்கல் வரும். மொத்தமாக வாங்கி விற்கும் டிக்கெட்டில் விலை வரவேண்டிய கட்டத்தில் ஐடி அல்லது பிடி என்று இரண்டெழுத்துதான் இருக்கும், தொகை இருக்காது. அப்போது ஏஜென்ட் கொடுத்த பில்லும் வங்கிக் கணக்கு விவரமும்தான் விலைக்குச் சான்று. பில் இல்லாமல் வாட்ஸ்அப்பில் தொகை பேசி டிக்கெட் வாங்குவது இப்படிப்பட்ட நேரத்தில்தான் கையைக் கடிக்கும்.

---

மேசை எண் 4

நடைமுறையைச் சொல்கிறேன். கேட்கும் உரிமை பயணிக்கு உரியது, பணம் கட்டியவருக்கு அல்ல. எனவே கோரிக்கை அப்பா பெயரிலும் அம்மா பெயரிலும் போகட்டும். "என் சார்பில் என் மகன் கடிதப் போக்குவரத்து நடத்தலாம், தொகையை இந்தக் கணக்கில் போடலாம்" என்று இருவரும் தனித்தனியாகக் கையெழுத்திட்ட ஒரு பக்கக் கடிதம் இணையுங்கள். இது இல்லாவிட்டால் தகவல் பாதுகாப்பைக் காரணம் காட்டியே வாரக்கணக்கில் இழுப்பார்கள்.

இணைக்க வேண்டியவை: முதலில் வந்த இ-டிக்கெட் ரசீது, எகானமி போர்டிங் பாஸ், கார்டு கட்டண விவரம், அவர்கள் அனுப்பிய பதில். முதல் ரசீது என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. டவுன்கிரேடு செய்யும்போது சில நேரம் கவுன்டரில் டிக்கெட்டையே எகானமி வகுப்புக் குறியீட்டுக்கு மாற்றி மறுபடி வெளியிட்டுவிடுவார்கள். பிறகு இணையதளத்தில் பி.என்.ஆர். போட்டுப் பார்த்தால் நீங்கள் எகானமி டிக்கெட் வாங்கியதுபோலவே தெரியும். மின்னஞ்சலில் முதலில் வந்த பிடிஎஃப்தான் உங்கள் ஆதாரம். அதைத் தனியாகச் சேமித்து வையுங்கள்.

கடிதம் நீளமாக வேண்டாம். விமான எண், தேதி, வாங்கிய வகுப்பு, பறந்த வகுப்பு. 10(2)(சி) பிரிவின்படி 75 சதவீதம். மென்னென்ஸ் தீர்ப்பின்படி கணக்கு, எண்களோடு. ஏழு நாள் கெடு ஏற்கெனவே முடிந்துவிட்டது. வவுச்சர் வேண்டாம். வங்கிக் கணக்கு எண். 14 நாளில் பணம் வராவிட்டால் அடுத்த கட்டத்துக்குப் போவோம். அவ்வளவு போதும். சாப்பாடு சரியில்லை, ஊழியர் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று சேர்த்தால், பதில் எழுதுபவர் அதற்கு வருத்தம் தெரிவித்துவிட்டு முக்கியக் கேள்வியைத் தாண்டிப் போய்விடுவார். அப்பாவின் முழங்கால் பற்றி ஒரு வரி எழுதலாம், ஆனால் தொகை அதைச் சார்ந்தது அல்ல.

"இறுதிப் பதில்" என்று அவர்கள் எழுதிவிட்டாலோ, புகார் கொடுத்து எட்டு வாரம் ஆகிவிட்டாலோ, அந்த நிறுவனம் சமரச அமைப்பு எதிலாவது உறுப்பினரா என்று பிரிட்டிஷ் விமானப் போக்குவரத்து ஆணையமான சிஏஏவின் பட்டியலில் பாருங்கள். உறுப்பினர் என்றால் அங்கே மனு. அதன் முடிவை நீங்கள் ஏற்றால் நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். பிடிக்கவில்லை என்றால் நீங்கள் ஏற்க வேண்டியதில்லை, நீதிமன்ற வழி திறந்தே இருக்கும். உறுப்பினர் இல்லை என்றால் சிஏஏவின் பயணிகள் புகார் பிரிவு விசாரிக்கும், ஆனால் அதன் கருத்து யாரையும் கட்டாயப்படுத்தாது.

நீதிமன்றம் என்றதும் பயப்பட வேண்டாம். இங்கிலாந்து, வேல்ஸில் 10,000 பவுண்டு வரை சிறுவழக்குப் பாதை. இணையத்திலேயே தாக்கல் செய்யலாம். இருவருக்கும் சேர்த்து 1,234 பவுண்டு என்றால் தாக்கல் கட்டணம் 80 பவுண்டு; வென்றால் அதுவும் திரும்ப வரும். தோற்றாலும் எதிர்த்தரப்பு வக்கீல் கட்டணம் பொதுவாக உங்கள் தலையில் விழாது. 1984-ஆம் ஆண்டு கவுன்டி நீதிமன்றச் சட்டத்தின் 69-வது பிரிவில் ஆண்டுக்கு 8 சதவீத வட்டியும் சேர்த்துக் கேளுங்கள். பலர் தடுக்கி விழுவது முகவரியில்தான்: வளைகுடாவிலுள்ள தலைமையகத்துக்கு அனுப்பினால் இணைய வழியில் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பிரிட்டனின் நிறுவனப் பதிவகமான கம்பெனீஸ் ஹவுஸ் தளத்தில் அந்த நிறுவனத்தின் பெயரைத் தேடினால் பிரிட்டன் கிளையாகப் பதிவு செய்த முகவரி கிடைக்கும். அதைப் போடுங்கள். வழக்கு நாளில் பெற்றோர் கூட இருந்தால் அவர்களுக்காக நீங்களே பேசலாம். கால வரம்பு ஆறு ஆண்டு (ஸ்காட்லாந்தில் ஐந்து), ஆனால் அதுவரை போர்டிங் பாஸைப் பத்திரமாக வைத்திருப்பவர்கள் குறைவு.

1974-ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-வது பிரிவில் கார்டு வங்கியையும் கேட்கலாம், நீங்கள் நேரடியாக நிறுவனத்திடமே வாங்கியிருப்பதால். ஆனால் வங்கி ஒப்பந்த மீறலைப் பார்க்குமே தவிர 75 சதவீத விதியைப் பார்க்கும் என்று உறுதியாக நம்ப முடியாது. இதை மாற்று வழியாக மட்டும் வையுங்கள். கமிஷன் எடுக்கும் கிளெய்ம் ஏஜென்சி உங்களுக்குத் தேவையே இல்லை. கணக்கு மேலேயே போட்டாயிற்று.

---

ஆதம்பாக்கம் 88

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். எனக்கு உள்நாட்டுப் பயணம். சென்னை – டெல்லி பிசினஸ், வரியெல்லாம் சேர்த்து 38,000 ரூபாய். எகானமியில் அனுப்பிவிட்டு 9,000 ரூபாய் ரீஃபண்ட் போட்டிருக்கிறார்கள். இந்தியாவில் இதற்கெல்லாம் விதி உண்டா?

---

ரன்வே07

உண்டு, நல்ல விதியே உண்டு. இந்திய விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அமைப்பான டிஜிசிஏவின் "விமானப் போக்குவரத்துத் தேவைகள்" என்ற விதித்தொகுப்பு, பிரிவு 3, தொடர் எம், பகுதி 4. விமானம் ரத்து, தாமதம், ஏற மறுப்பு எல்லாவற்றுக்குமான அதே ஆவணம்தான். அதில் டவுன்கிரேடு 2023 ஜனவரியில் சேர்க்கப்பட்டு பிப்ரவரி 15 முதல் அமலில் இருக்கிறது. 2022 டிசம்பரில் வெளியிட்ட வரைவில் முழு டிக்கெட் தொகையையும் திருப்பித் தந்து, கிடைக்கும் வகுப்பில் இலவசமாக அழைத்துப் போக வேண்டும் என்று இருந்தது. இறுதி வடிவத்தில் குறைத்துவிட்டார்கள். இப்போதைய நிலை:

உள்நாட்டுப் பயணம் என்றால் தூரம் எவ்வளவானாலும் வரி உள்பட டிக்கெட் விலையில் 75 சதவீதம். வெளிநாட்டுப் பயணத்துக்கு 1,500 கிலோமீட்டர் வரை 30, 3,500 வரை 50, அதற்கு மேல் 75 சதவீதம், வரி உள்பட. அந்த அளவில் சென்னை – கொழும்பு 30, சென்னை – சிங்கப்பூர் 50, சென்னை – லண்டன் 75.

உங்களுக்கு 38,000-ல் 75 சதவீதம் 28,500. வந்தது 9,000 போக 19,500 பாக்கி. "வரி உள்பட" என்ற சொல்லைக் கவனியுங்கள், ஐரோப்பிய விதியில் இல்லாத சலுகை இது. பிசினஸ் டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம் ஆகிவிட்டதால் இந்த இரண்டு சொல்லுக்கு நல்ல மதிப்பு உண்டு. ஜிஎஸ்டியைக் கழித்துவிட்டுக் கணக்குப் போட்டால் ஏற்காதீர்கள்.

விதியில் இன்னொரு சொல்லும் முக்கியம்: பயணியின் விருப்பமின்றி இறக்கப்பட்டிருக்க வேண்டும். நிறுவனங்கள் நழுவுவது இங்கேதான். முதல் நாள் இரவு செயலியில் ஒரு செய்தி வரும்: உங்கள் விமானம் மாற்றப்பட்டுள்ளது, புதிய பயணத்தை ஏற்க இங்கே தொடவும். அவசரத்தில் தொட்டுவிட்டால், புதிய பயணம் எகானமியில் இருந்தாலும், பயணியே ஒப்புக்கொண்டார் என்று பதிவாகிவிடும். தொடுவதற்கு முன் மின்னஞ்சலில், "பிசினஸில் இருக்கை தராததால் வேறு வழியின்றி எகானமியில் பயணம் செய்கிறேன், என் உரிமைகளை விட்டுக்கொடுக்கவில்லை" என்று எழுதி அனுப்பிவிடுங்கள். கவுன்டரிலும் அப்படித்தான். எந்தத் தாளில் கையெழுத்துக் கேட்டாலும் அதில் "விருப்பத்தின் பேரில்" என்ற பொருளில் ஏதாவது இருக்கிறதா என்று படியுங்கள்.

வழி: முதலில் நிறுவனத்தில் புகார்களைக் கவனிக்கும் நோடல் அதிகாரி, அங்கே சரியாகவில்லை என்றால் மேல்முறையீட்டு அதிகாரி. இருவர் மின்னஞ்சலும் அவர்கள் இணையதளத்திலேயே இருக்க வேண்டும். கூடவே மத்திய அரசின் ஏர்சேவா தளத்தில் புகார் போடுங்கள். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணும் பயன்படும். அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், நிறுவனத்தின் தலைமை அலுவலகம் குருகிராமில் இருந்தாலும் கவலையில்லை. கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. இணையத்தில் நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி தளம் வழியாகத் தாக்கல் செய்யலாம். இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். அங்கே பாக்கித் தொகையோடு வட்டி, மன உளைச்சல், வழக்குச் செலவு மூன்றையும் சேர்த்துக் கேட்பது வழக்கம்.

---

போரூர் ஏரிக்கரை

சென்னை – ஃபிராங்க்ஃபர்ட் – சிகாகோ, ஐரோப்பிய நிறுவனம், ஒரே டிக்கெட். முதல் பகுதியில் பிசினஸிலிருந்து பிரீமியம் எகானமிக்கு இறக்கினார்கள். ஐரோப்பிய நிறுவனம் என்பதால் 75 சதவீதம் உறுதிதானே?

---

கட்டணவரி

இல்லை. இந்த இடத்தில் நம்மூர்க்காரர்கள் பலர் ஏமாறுகிறார்கள். சென்னை – ஃபிராங்க்ஃபர்ட் மட்டும் தனி டிக்கெட்டாக இருந்திருந்தால், ஐரோப்பிய நிறுவனத்தில் ஐரோப்பாவுக்குள் வருகிற பயணம், விதி பொருந்தும், 75 சதவீதம் கிடைக்கும். ஆனால் ஒரே முன்பதிவில் உள்ள தொடர் பயணங்களை நீதிமன்றம் முழுப் பயணமாகவே பார்க்கிறது. கிளம்பும் இடமும் போய்ச் சேரும் இடமும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே, நடுவில் மாறுவது மட்டும் ஒன்றியத்தில் என்றால் 261 பொருந்தாது என்று 2022 பிப்ரவரி 24 அன்று தீர்ப்பு வந்துவிட்டது (சி-451/20). அது மால்டோவாவின் கிஷினவ் – வியன்னா – பாங்காக் பயணம். உங்களுடையதும் அதே வடிவம்.

அதனால் உங்களுக்கு இரண்டு கதவுகள். ஒன்று, இந்தியாவிலிருந்து கிளம்பியதால் டிஜிசிஏ விதி. வெளிநாட்டு நிறுவனங்கள் தங்கள் நாட்டு விதிப்படியோ இந்த விதிப்படியோ தரலாம் என்ற வகையில் அதில் ஒரு வாசகம் இருப்பதால், "எங்கள் நாட்டு விதியைத்தான் பின்பற்றுகிறோம்" என்பார்கள். அப்படிச் சொன்னால் அதையே பிடித்துக்கொள்ளுங்கள்: உங்கள் நாட்டு விதியின் 10-வது பிரிவும் 75 சதவீதம்தானே என்று எழுதுங்கள். இரண்டு விதியும் எனக்கில்லை என்று சொல்வது நுகர்வோர் ஆணையத்தில் எடுபடாது என்பது என் எண்ணம்.

இரண்டு, அமெரிக்காவுக்குப் போகும் பயணம் என்பதால் அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் விதி. 2024-ல் வந்த விதிப்படி வகுப்பை இறக்குவது பயணத்தில் செய்த பெரிய மாற்றமாகவே கருதப்படும். பயணம் வேண்டாம் என்று மறுத்தால் முழுத் தொகையும் திரும்ப வர வேண்டும். கார்டு என்றால் ஏழு வேலை நாள், மற்றவற்றுக்கு 20 நாள். பறந்துவிட்டால் கட்டண வித்தியாசம் மட்டும்தான், சதவீதம் கிடையாது. அந்த வித்தியாசத்தை எந்த நாளின் விலையோடு ஒப்பிட்டார்கள் என்று கேட்டு, நீங்கள் டிக்கெட் வாங்கிய நாளின் பிரீமியம் எகானமி விலையோடு ஒப்பிடச் சொல்லுங்கள். டிக்கெட் வாங்கும்போதே மற்ற வகுப்புகளின் விலை தெரியும் பக்கத்தை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தால் இந்த வாதத்துக்கு அதைவிடப் பெரிய சான்று வேண்டாம்.

மைல்களில் எடுத்த டிக்கெட்டுக்கும் ஐரோப்பிய, பிரிட்டிஷ் விதிகள் பொருந்தும்; 3(3) பிரிவில் இருக்கிறது. அந்தப் பகுதிக்கான மைல்களில் அதே சதவீதத்தைத் திருப்பிக் கணக்கில் போடச் சொல்லிக் கேளுங்கள். மாறாக, வாங்கியது எகானமி, கவுன்டரில் இலவசமாக பிசினஸ் கொடுத்துப் பிறகு பறித்துக்கொண்டார்கள் என்றால் எதுவும் கிடைக்காது. வாங்கிய வகுப்புத்தான் கணக்கு. பிசினஸ் இருக்கை சாயவில்லை, திரை வேலை செய்யவில்லை என்பதும் டவுன்கிரேடு ஆகாது. அது சேவைக் குறைபாடு, தனிப் புகார்.

---

ஹவுன்ஸ்லோ வாசி

எல்லோருக்கும் நன்றி. கட்டணக் கணக்கு வரியைப் பார்த்தேன், போக வர இரண்டு எண்களும் சமம்தான். ஆளுக்கு 669 கேட்டுக் கடிதம் தயார் செய்கிறேன். ஏப்ரல் திரும்பும் பயணம் பற்றி மட்டும் சொல்லுங்கள். ஒரே ரிட்டர்ன் டிக்கெட்தானே, யுகே261 அதற்கும் வருமா?

---

மேசை எண் 4

வராது. போகும் பயணமும் திரும்பும் பயணமும் சட்டத்தின் கண்ணில் வேறு வேறு, ஒரே டிக்கெட்டாக இருந்தாலும். 2008-ல் எமிரேட்ஸ் எதிர் ஷென்கெல் வழக்கில் இது முடிவாகிவிட்டது. டசல்டார்ஃப் – மணிலா ரிட்டர்ன் டிக்கெட். மணிலாவிலிருந்து திரும்பும் பயணத்துக்கு விதி இல்லை என்றார்கள். சென்னையிலிருந்து வளைகுடா நிறுவனத்தில் கிளம்பும்போது பிரிட்டிஷ் விதி உங்களைக் காப்பாற்றாது. பிரிட்டிஷ் அல்லது ஐரோப்பிய நிறுவனத்தில் சென்னையிலிருந்து நேராக லண்டன் வந்தால் காப்பாற்றும். உங்களுக்கு இருப்பது டிஜிசிஏ விதியும், நிறுவனத்தின் பயண நிபந்தனைகளும்தான்.

எனவே ஏப்ரலில் பணத்தைத் துரத்துவதைவிட இருக்கையைக் காப்பாற்றுவதில் கவனம் வையுங்கள். இப்போதே நிறுவனத்துக்கு எழுதி, போகும்போது இருவரும் இறக்கப்பட்டதையும் அப்பாவின் முழங்கால் நிலைமையையும் பி.என்.ஆரில் குறித்து வைக்கச் சொல்லுங்கள். மருத்துவர் கடிதம் இருந்தால் சேர்த்து அனுப்புங்கள். யாரை இறக்குவது என்று முடிவெடுக்கும்போது இந்தக் குறிப்புகளைப் பார்க்க வாய்ப்பு உண்டு. இருக்கை எண்ணை இப்போதே தேர்ந்தெடுத்துவிடுங்கள். கிளம்புவதற்கு முந்தைய வாரம் இரண்டு மூன்று முறை பி.என்.ஆரைத் திறந்து, விமான வகையும் இருக்கை எண்ணும் அப்படியே இருக்கின்றனவா என்று பாருங்கள். விமான வகை மாறியிருந்தால், இருக்கை எண் காணாமல் போயிருந்தால், அன்றே கூப்பிடுங்கள்; கவுன்டரில் போய் நிற்கும்போது கையில் இருக்கும் வழிகள் மிகக் குறைவு. செக்-இன் திறந்ததும் இணையத்திலேயே முடித்துவிடுங்கள்.

அப்படியும் இறக்கினால், அடுத்த விமானத்தில் பிசினஸ் இடம் இருக்கிறதா என்று முதலில் கேட்கட்டும். அப்பாவுக்கு அதுதான் நல்லது. இல்லை என்றால் எகானமியில் ஏறலாம், ஆனால் நிறுவனமே இறக்கியது என்று மேலாளரிடம் இரண்டு வரி எழுதி வாங்க வேண்டும். எழுதித் தர மறுத்தால் அவர் எதிரிலேயே, அந்த நேரத்தில், போனிலிருந்து நிறுவனத்தின் மின்னஞ்சலுக்கு நடந்ததை அனுப்பிவிடுங்கள். நேரம் பதிவாகும். பிசினஸ் டிக்கெட்டுக்கான சுமை அளவும் லவுஞ்சும் அப்போதும் அவர்களுக்கே உரியவை என்று கேட்டு வாங்கச் சொல்லுங்கள். இருக்கை தேர்வுக்குத் தனியாகப் பணம் கட்டியிருந்தால் அது இந்தச் சதவீதத்தில் அடங்காது, முழுதாகத் தனியே கேளுங்கள்.

சென்னை – துபாய் 2,930 கிலோமீட்டர் என்பதால் அங்கே டிஜிசிஏ கணக்கில் 50 சதவீதம். எந்தப் பகுதியில் இறக்கினார்கள் என்பதைப் புகாரின் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.